சப்வூஃபர் மோட்டார் வலு: மேக்னட் எடை, வாட்ஸ், பி.எல். எண்ணைப் படிப்பது எப்படி?

கடையில் 12 இன்ச் சப்வூஃபர் (பேஸ் எனப்படும் ஆழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) கேட்டால், விலையைச் சொல்வதற்கு முன்பே ஸ்பீக்கரைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள். “வெயிட்டைப் பாருங்க சார், மேக்னட் மட்டும் நாலு கிலோ.” அடுத்த கடையில் பேச்சு வாட்ஸுக்குப் போகும். பெட்டியின் மேல் பி.எம்.பி.ஓ. (உச்சகட்ட வாட்ஸ்) என்று ஐந்து இலக்கத்தில் ஓர் எண் அச்சடித்திருக்கும். கொஞ்சம் விவரம் தெரிந்தவரைக் கேட்டால், “அதெல்லாம் விடுங்க, பி.எல். எவ்வளவுன்னு பாருங்க. இருபதுக்கு மேல இருந்தா வாங்கிடுங்க” என்பார்.

மூவரும் பேசுவது ஒரே விஷயத்தைத்தான்: அந்த ஸ்பீக்கரின் மோட்டார் எவ்வளவு வலுவானது? முதல் இருவர் காட்டும் எண்ணில் அதற்குப் பதில் கிடையாது. மூன்றாமவர் பாதி பதிலைச் சொல்கிறார். மீதிப் பாதியும் தெரிந்தால், ஸ்பீக்கரோடு வரும் விவரத்தாளை வைத்து நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளியில் படித்த பெருக்கல், வகுத்தல் போதும்.

மோட்டார் எங்கே இருக்கிறது?

ஸ்பீக்கருக்குள் சுற்றும் மோட்டார் கிடையாது. முன்னும் பின்னும் தள்ளுகிற ஏற்பாட்டைத்தான் இத்துறையில் மோட்டார் என்கிறார்கள். 1925-ல் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் அமெரிக்காவில் வெளியிட்ட அமைப்பு அது. நூறு வருடம் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

ரீகோனிங் (பழுதான கோனை மாற்றும் வேலை) செய்பவர் ஒரு பழைய வூஃபரைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் எல்லாம் தெரியும். முன்னால் தெரியும் கூம்பான கோனைக் கழற்றினால் அதன் அடியில் குழாய் போல ஒட்டியிருப்பதுதான் வாய்ஸ் காயில். மெல்லிய உருளையின் மேல் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். கீழே வளையமாகக் காந்தம், அதன் நடுவில் இரும்புத் தண்டு, மேலே இரும்புத் தட்டு. தண்டுக்கும் தட்டுக்கும் நடுவே வட்டமாக ஓர் இடுக்கு இருக்கும். அதன் பெயர் கேப். காந்தத்தின் புலத்தை இரும்பு அந்த இடுக்குக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. காயில் அதற்குள் எதையும் தொடாமல் தொங்கும். சற்றே கோணினாலும் உரசும். “காயில் உரசுது” என்று மெக்கானிக் சொல்வது இந்த இடத்தைத்தான்.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து மின்சாரம் காயிலில் பாயும்போது காந்தப்புலம் அதை முன்னே தள்ளும். மின்சாரம் திசை மாறினால் பின்னே இழுக்கும். காயிலோடு கோனும் போகும், கோனோடு காற்றும். காந்தம், இரும்பு, இடுக்கு, காயில் நான்கும் சேர்ந்ததே மோட்டார். காந்தம் அதில் ஒரு பங்குதான்.

பி.எல். என்றால்

இடுக்கில் உள்ள காந்தப்புலத்தின் செறிவு பி. அந்தப் புலத்துக்குள் இருக்கும் கம்பியின் நீளம் எல். இரண்டையும் பெருக்கினால் பி.எல்.; அலகு டெஸ்லா-மீட்டர். காயிலில் 1 ஆம்பியர் மின்சாரம் பாய்ந்தால் எத்தனை நியூட்டன் விசை கிடைக்கும் என்பதும் அதே எண்தான். பி.எல். 12 என்றால் ஆம்பியருக்கு 12 நியூட்டன், அதாவது சுமார் 1.2 கிலோ எடையைத் தாங்குகிற தள்ளல்.

கடிகார பேட்டரி ஒன்றை ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் துள்ளி முன்னே வந்து திரும்பும். பி.எல். 12, காயிலின் மின்தடை 3.6 ஓம் என்று வைத்துக்கொண்டால், 1.5 வோல்ட் பேட்டரி 0.42 ஆம்பியர் அனுப்பும். விசை 5 நியூட்டன். அரைக் கிலோ எடையைக் கோனின் மேல் வைத்த மாதிரி.

பி.எல். மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்

அந்த மின்தடைக்கு விவரத்தாளில் ஆர்.ஈ. என்று பெயர். நேர்மின்சாரத்துக்குக் காயில் காட்டும் தடை அது. ‘4 ஓம் ஸ்பீக்கர்’ என்பதில் வரும் 4 பெயருக்குத்தான். மல்டிமீட்டரை வைத்தால் பெரும்பாலும் மூன்றரைக்குப் பக்கத்தில் காட்டும்.

இப்போது இரண்டு ஸ்பீக்கர்களை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான். முதலாவதில் பி.எல். 12, ஆர்.ஈ. 3.6 ஓம். இரண்டாவதில் பி.எல். 17, ஆர்.ஈ. 7.2 ஓம். பதினேழுக்காரர் ஜெயித்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் மெல்லிய கம்பியில் அதிகச் சுற்று சுற்றினாலே எல் கூடி, பி.எல். ஏறிவிடும். கூடவே தடையும் ஏறும். அதே 1.5 வோல்ட்டுக்கு இரண்டாவதில் பாய்வது 0.21 ஆம்பியர், விசை 3.5 நியூட்டன்தான்.

நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால், காயிலில் 1 வாட் செலவழித்தால் எவ்வளவு விசை வருகிறது என்று கேட்க வேண்டும். அதற்கான கணக்கு இது: பி.எல்.-ஐ அதே எண்ணால் பெருக்கி, ஆர்.ஈ.-யால் வகுக்கவும். மோட்டார் வலு என்று பொறியாளர்கள் சொல்வது இந்த விடையைத்தான்.

முதல் ஸ்பீக்கர்: 12 × 12 ÷ 3.6 = 40.
இரண்டாவது: 17 × 17 ÷ 7.2 = 40.

இரண்டும் ஒரே மோட்டார். இந்த விடையின் வர்க்கமூலம்தான் 1 வாட்டுக்குக் கிடைக்கும் விசை; 40-ன் வர்க்கமூலம் 6.3. ஆக, இந்த இரண்டில் எந்த ஸ்பீக்கராக இருந்தாலும் 1 வாட்டுக்கு 6.3 நியூட்டன். மூன்றாவதாக ஒன்று, பி.எல். 20, ஆர்.ஈ. 3.4 என்று வந்தால் விடை 118-க்குப் பக்கம். 1 வாட்டுக்கு ஏறக்குறைய 11 நியூட்டன். அதைத்தான் ‘செம மோட்டார்’ என்று சொல்லலாம்.

டூயல் காயில் சப்வூஃபரிலும் இதே குழப்பம் வரும். இரண்டு காயிலையும் சீரியஸில் இணைத்தால் பி.எல். 20, பேரலலில் இணைத்தால் 10. அதைப் பார்த்துவிட்டு “சீரியஸ்லதான் மோட்டார் பவர் ஜாஸ்தி” என்பவர்கள் உண்டு. சீரியஸில் தடையும் நான்கு மடங்காகிறது, உதாரணமாக 1.8 ஓம் 7.2 ஆகிறது. கணக்குப் போட்டால் இரண்டு இணைப்பிலும் விடை 56-க்குச் சற்றுக் குறைவு. ஆம்ப்ளிஃபயருக்கு எது ஒத்துவரும் என்று பார்த்து இணைத்தால் போதும். மோட்டாருக்கு வித்தியாசம் இல்லை.

இதுவரை பார்த்ததில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: பி.எல். என்பது ஆம்பியருக்கு விசை. அதை வர்க்கமாக்கி ஆர்.ஈ.-யால் வகுத்தால் மோட்டார் வலு.

அப்போது நாலு கிலோ மேக்னட்?

எடை முழுக்கப் பொய்யில்லை. ஆனால் காயிலுக்கு வேண்டியது இடுக்கில் இருக்கும் புலம் மட்டுமே. இடுக்கு அகலமாக இருந்தால் பெரிய காந்தத்தின் புலமும் நீர்த்துப்போகும். தட்டும் தண்டும் மெலிதாக இருந்தால் இரும்பு நிறைவடைந்துவிடும். சாதாரண இரும்பு 2 டெஸ்லாவுக்குப் பக்கத்தில் போனால் மேற்கொண்டு புலத்தைச் சுமக்காது. அதன் பிறகு எத்தனை கிலோ காந்தத்தைக் கூட்டி ஒட்டினாலும் தூக்குகிறவருக்குத்தான் வலி. காந்தத்தின் வகையும் முக்கியம். எடைக்கு எடை நியோடிமியம் காந்தம் ஃபெரைட்டைவிடப் பல மடங்கு வலுவானது. கைக்கடக்கமான நியோடிமியம் மோட்டார் பெரிய ஃபெரைட் மோட்டாரைத் தோற்கடிக்கலாம். போதாக்குறைக்கு, பின்னால் மாட்டியிருக்கும் ரப்பர் கவருக்குள் காந்தம் எவ்வளவு, காற்று எவ்வளவு என்பது கழற்றினால்தான் தெரியும்.

வாட்ஸ் கதை இன்னும் சுருக்கம். ஆர்.எம்.எஸ். வாட்ஸ் என்பது காயில் கருகாமல் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. தாங்குவது வேறு, தள்ளுவது வேறு. பி.எம்.பி.ஓ. எதையுமே சொல்வதில்லை.

தள்ளுவதும் பிடிப்பதும் ஒரே எண்

மோட்டார் வலுவைப் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வீட்டுக் கூடத்து ஊஞ்சலை ஒரு தடவை தள்ளிவிட்டால் தன் கதியில் ஆடிக்கொண்டே இருக்கும். அந்தக் கதிக்குத் தோதாக விரலால் தட்டினாலும் ஆட்டம் பெரிதாகிவிடும். சப்வூஃபர் கோனும் அப்படித்தான். அதற்கும் எடை உண்டு, அதைத் திரும்ப இழுக்கும் ஸ்பைடரும் (காயிலைப் பிடித்திருக்கும் மடிப்புத் துணி) சரவுண்டும் (கோனின் விளிம்பு வளையம்) உண்டு. ஆகவே சொந்தக் கதி ஒன்றும் உண்டு. அதன் பெயர் ஒத்ததிர்வு அதிர்வெண்; விவரத்தாளில் எஃப்.எஸ். என்று இருக்கும். சப்வூஃபர்களில் பெரும்பாலும் 20 முதல் 40 ஹெர்ட்ஸுக்குள். அந்த இடத்தில் சின்னத் தள்ளலுக்கே கோன் எகிறும். பாட்டு நின்ற பிறகும் கொஞ்சம் ஆடும். காதுக்கு அது ‘டொம்ம்ம்’ என்று இழுக்கும்.

ஊஞ்சல் சங்கிலியை ஒருவர் கையில் பிடித்துக்கொண்டால் ஆட்டம் அவர் சொன்னபடிதான். கோனை அப்படிப் பிடித்துக்கொள்வதும் மோட்டார்தான். எப்படி? காந்தப்புலத்துக்குள் கம்பி நகர்ந்தால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். சைக்கிள் டைனமோவின் தத்துவமும் அதுவே. கோன் ஆடும்போது காயிலில் பிறக்கும் இந்த எதிர் மின்னழுத்தம் ஆம்ப்ளிஃபயர் வழியாகச் சுற்றிவந்து கோனின் ஓட்டத்தையே தடுக்கிறது.

இதைக் கையாலேயே உணரலாம். எதனுடனும் இணைக்காத வூஃபரை மேசையில் மல்லாக்க வையுங்கள். கோனின் இருபுறமும் விரல்களைச் சமமாக வைத்துச் சட்டென்று ஒரு சிறு அழுத்து அழுத்திப் பாருங்கள். இலகுவாக இறங்கும். இப்போது ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டு அதே போல அழுத்துங்கள். தேனுக்குள் அழுத்துவது போல எதிர்க்கும். மெதுவாக அழுத்தினால் வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் எதிர்ப்பு வேகத்தைப் பொறுத்தது. விரலால் கோனைத் தட்டினாலும் தெரியும்: வயர் இல்லாமல் ‘டொம்’, வயர் போட்டால் ‘தப்’. இந்த மாற்றம் எவ்வளவு பெரிதோ, மோட்டார் அவ்வளவு வலுவானது. விவரத்தாள் இல்லாத பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது இதைவிட எளிய சோதனை கிடையாது. ஆம்ப்ளிஃபயரோடு இணைத்திருக்கும் ஸ்பீக்கரில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள், ஆம்ப் போய்விடும்.

அந்த எதிர்ப்பையும் கணக்கிடலாம். அதே பி.எல். வர்க்கம் ÷ ஆர்.ஈ. தான். வலு 40 உள்ள ஸ்பீக்கரில் கோன் விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் போனால் 4 நியூட்டன் எதிர்ப்பு. வலு 118 என்றால் கிட்டத்தட்ட 12 நியூட்டன். தள்ளும் திறனைச் சொன்ன எண்தான் பிடிக்கும் திறனையும் சொல்கிறது. ஒன்றை ஏற்றாமல் மற்றொன்றை மட்டும் ஏற்ற முடியாது.

வலு கூடினால் பேஸ் குறையுமா?

குறையலாம். கேட்பவர்களுக்கு நம்பிக்கை வராத இடம் இது.

மற்ற எல்லாம் அப்படியே இருக்க, பி.எல்.-ஐ மட்டும் இரண்டு மடங்காக்கி, ஆம்ப்ளிஃபயரின் வால்யூமைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும்? எஃப்.எஸ்.ஸுக்கு நன்றாக மேலே உள்ள ஒலி 6 டெசிபெல் ஏறும். அங்கே தள்ளல்தான் கணக்கு. எஃப்.எஸ்.ஸிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் இறங்கும். அங்கே பிடிப்பு நான்கு மடங்காகிவிட்டது. ஆக, வலுவான மோட்டாருக்கு மாறியவர் “அடி நல்லா இருக்கு, ஆனா உறுமல் காணோம்” என்று குறைப்பட்டுக்கொள்வதில் தப்பில்லை.

இந்தச் சமநிலையை ஒரே எண்ணில் சொல்ல வழி உண்டு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் எழுதிய கட்டுரையும், அதைத் தொடர்ந்து 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் செய்த வேலையும் சேர்ந்துதான் இன்று எல்லா விவரத்தாளிலும் இருக்கும் ‘தீல்–ஸ்மால்’ எண்களாயின. அவற்றில் மோட்டாரின் பிடிப்பைச் சொல்வது கியூ.இ.எஸ். என்ற எண். அது சின்னதாக இருந்தால் பிடிப்பு அதிகம். ஸ்பைடர், சரவுண்டின் உராய்வையும் சேர்த்துக்கொண்டால் அது கியூ.டி.எஸ். என்ற எண். பொதுவாக இது 0.4-க்குக் கீழே இருந்தால் துளை வைத்த பெட்டிக்குத் தோது, 0.4 முதல் 0.7 வரை மூடிய பெட்டிக்கு. இது தோராயம்தான்; பெட்டியின் அளவையும் பார்க்க வேண்டும்.

மூடிய பெட்டி சின்னதாக ஆக ஆக, உள்ளே அடைபட்ட காற்று இன்னொரு ஸ்பிரிங்காகி ஆட்டத்தைக் கூட்டும். அதை அடக்க வலுவான மோட்டார் வேண்டும். 1990-களில் அமெரிக்க ஆடியோ பொறியாளர் பாப் கார்வர் கொண்டுவந்த சன்ஃபயர் ட்ரூ சப்வூஃபர் இந்த யோசனையின் எல்லைக்கே போனது: 11 இன்ச் கனசதுரப் பெட்டி, பிரம்மாண்டமான காந்தம், 2,700 வாட்ஸ் என்று சொல்லப்பட்ட ஆம்ப்ளிஃபயர். அவ்வளவு வலுவான மோட்டாரில் எதிர் மின்னழுத்தம் மிக அதிகம். அதை மீறித் தள்ள ஆம்ப்ளிஃபயர் நிறைய வோல்ட் தர வேண்டும், ஆனால் பாயும் ஆம்பியர் குறைவு. ஆகவே உண்மையில் செலவாகும் மின்சாரம் பெட்டியில் போட்ட எண்ணுக்குப் பக்கத்திலேயே வராது. குறைந்துபோன ஆழ்ந்த பேஸை ஈக்குவலைசரால் ஏற்றிக்கொள்ளலாம். டி.எஸ்.பி. (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் சில்லு) மலிவாகக் கிடைக்கும் இந்தக் காலத்தில் இது சாதாரண வேலை. ஆகவே என் கட்சி வலுவான மோட்டார் பக்கம்தான். ஈக்குவலைசர் இல்லாமல், கிடைத்த ஆம்ப்பில் கோத்து, பெரிய பெட்டியில் போட்டுக் கேட்கப்போகிறவருக்கு நடுத்தர மோட்டார்தான் இனிமையாக இருக்கும்.

மறுபடி ஒருமுறை: வலு கூடினால் அடியும் பிடிப்பும் கூடும், ஒத்ததிர்வுப் பகுதியின் ஒலி தானாக ஏறாது, இறங்கும்.

யாரைத் தள்ளுகிறது என்பதும் கேள்வி

மோட்டார் வலு 118 என்று தனியாகச் சொன்னால் பாதிக் கதைதான். கோன், காயில் உட்பட நகரும் பகுதி மொத்தத்தின் எடையை எம்.எம்.எஸ். என்று கிராமில் போட்டிருப்பார்கள். கோவில் திருவிழாவுக்கு சவுண்ட் சர்வீஸ்காரர் கொண்டுவரும் 18 இன்ச் பெட்டியில், அளவுக்கு இலகுவான கோனும் வலுவான மோட்டாரும் இருக்கும். நெஞ்சில் வந்து மோதும். ஆனால் 35, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் இறங்காது. வீட்டுத் திரையரங்கு சப்வூஃபரில் கோனைக் கனமாக்கி எஃப்.எஸ்.ஸைக் கீழே கொண்டுபோவார்கள். அதே வாட்ஸுக்கு ஒலி குறையும், ஆழம் கிடைக்கும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

நகர்ந்த பிறகும் அதே வலு இருக்கிறதா?

விவரத்தாளில் இருக்கும் பி.எல். கோன் அசையாமல் நடுவில் நிற்கும்போது எடுத்த எண். சப்வூஃபர் கோனோ முன்னும் பின்னும் சென்டிமீட்டர் கணக்கில் போகும். காயில் இடுக்கைவிட்டு வெளியே போகப்போக பி.எல். குறையும்.

இதனால்தான் சப்வூஃபரில் இடுக்கைவிட உயரமான காயில் வைக்கிறார்கள். மேல்தட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர், காயிலின் உயரம் 34 என்றால், வித்தியாசத்தில் பாதி, அதாவது ஒவ்வொரு பக்கமும் 12 மில்லிமீட்டர், இடுக்கு காலியாகாமல் போகலாம். இதுதான் எக்ஸ்மேக்ஸ். ஆனால் எந்த நேரத்திலும் இடுக்குக்குள் வேலை செய்வது காயிலில் 30 சதவீதம் கூட இல்லை. மீதிக் கம்பி தடையையும் எடையையும் கூட்டுகிறதே தவிர, தள்ளுவதில்லை. நீண்ட தூரம் போகும் சப்வூஃபருக்குப் பெரிய காந்தம் தேவைப்படுவது இந்த இழப்பை ஈடுகட்டத்தான். கடைக்காரரின் நாலு கிலோவுக்கு நியாயம் இருக்குமானால் இங்கேதான்.

ஜெர்மனியின் டிரெஸ்டனைச் சேர்ந்த வோல்ஃப்காங் கிளிப்பல் உருவாக்கிய அளவீட்டுக் கருவி, கோனின் ஒவ்வொரு இடத்திலும் பி.எல். எவ்வளவு என்று வளைகோடாக வரைந்து காட்டும். அவர் முறைப்படி, பொதுவாக ஸ்பீக்கர்களுக்கு நடு மதிப்பில் 82 சதவீதம் வரையும், சப்வூஃபருக்கு 70 சதவீதம் வரையும் பி.எல். இறங்கலாம், அதுவே எல்லை. 70 சதவீதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வலு வர்க்கத்தில் அல்லவா போகிறது? 0.7 × 0.7 = 0.49. எல்லையைத் தொடும் கணத்தில் மோட்டார் பாதிதான். அப்படியொரு வளைகோடு கிடைத்தால், உச்சி கூராக இருக்கிறதா, சமவெளியாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் 22-ஐத் தொட்டுச் சரியும் கூரான கோட்டைவிட, 17-லேயே பரந்து நிற்கும் கோடு சத்தம் ஏறும்போது சுத்தமாக ஒலிக்கும்.

சூடும் வலுவைத் தின்னும். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். காயிலின் வெப்பம் 150 டிகிரி கூடினால் ஆர்.ஈ. ஏறக்குறைய 60 சதவீதம் உயர்ந்துவிடும். வகுக்கும் எண் பெரிதானால் விடை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

தாளில் பி.எல். போடவில்லை என்றால்

பல மலிவு சப்வூஃபர்களில் போட மாட்டார்கள். எஃப்.எஸ்., எம்.எம்.எஸ்., கியூ.இ.எஸ். மூன்றும் இருந்தால் போதும். வலுவை வெளியே எடுத்துவிடலாம். 6.28-ஐ எஃப்.எஸ்.ஸால் பெருக்கி, கிலோகிராமில் மாற்றிய எம்.எம்.எஸ்.ஸால் பெருக்கி, கியூ.இ.எஸ்.ஸால் வகுக்க வேண்டும். எஃப்.எஸ். 30, எம்.எம்.எஸ். 200 கிராம், கியூ.இ.எஸ். 0.45 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 6.28 × 30 × 0.2 ÷ 0.45 = சுமார் 84. நல்ல மோட்டார்.

பி.எல். போட்டிருந்தாலும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரண்டு வழியிலும் வரும் விடை ஐந்து, பத்து சதவீதம் விலகினால் பரவாயில்லை. ஒன்று 84, இன்னொன்று 160 என்று வந்தால் அந்தத் தாளில் ஏதோ ஓர் எண் தவறு. டூயல் காயில் மாடல் என்றால் முதலில் ஆர்.ஈ.-யைப் பாருங்கள்: பி.எல்.-ஐ சீரியஸ் இணைப்பில் அளந்துவிட்டு, ஆர்.ஈ.-யை ஒற்றைக் காயிலுக்குப் போட்டிருப்பார்கள். அப்போது பி.எல். வழியில் வரும் விடை சரியாக இரண்டு மடங்காக இருக்கும்.